ஃபுட் ரிவ்யூ போடுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு மெடிக்கல் ரெப்போட திறந்த மடல்

தம்பிகளா, தங்கச்சிகளா,

வணக்கம். எனக்கு ஊரு மதுரை, வேலை மெடிக்கல் ரெப், இருபத்திரெண்டு வருசமா பேக்கைத் தூக்கிட்டு அலையுறேன். காலைல பெரியாஸ்பத்திரி பக்கம், மதியம் மருந்தை மொத்தமா வாங்கி விக்கிற ஸ்டாக்கிஸ்ட், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்கி, கடைசி டாக்டர் கடைசி பேஷண்ட்டை அனுப்பிட்டு "ரெப் யாரும் வெயிட் பண்றீங்களா"ன்னு கேக்குறப்ப மணி பத்து ஆயிரும். செவ்வாய்க்கிழமை உசிலம்பட்டி, வியாழக்கிழமை மேலூர், மாசத்துல நாலு நாள் விருதுநகர் ராஜபாளையம் லைன். வீட்ல சமைக்க மாட்டாங்களான்னு கேக்காதீங்க, என் வீட்டம்மா நல்லாவே சமைப்பா, சாப்பிடத்தான் நான் அங்க இருக்க மாட்டேன். ஆக மூணு வேளைல ரெண்டு வேளை ஓட்டல், அதுவும் ஏசி ஓட்டல் இல்ல, கம்பெனி குடுக்குற டெய்லி அலவன்சுக்கு எது கட்டுபடியாகுமோ அது. தள்ளுவண்டி, மெஸ், பரோட்டா கடை, வீட்டு வாசல்லயே அடுப்பு போட்ட இட்லி கடை. இதைப் பெருமைக்குச் சொல்லல. நீங்க போற கடைக்குத்தான் நானும் போறேன், உங்களுக்கு முன்னாடியும் போனேன், நீங்க வீடியோ எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறமும் போறேன், அந்த "அப்புறம்" பத்திதான் இந்த மடல்.

எங்க ஏரியாவுல ஒரு சந்துக்குள்ள ஒரு அக்கா இட்லி கடை வச்சிருக்கு. போர்டு கிடையாது. ரெண்டு பெஞ்சு, ஒரு நேரத்துல ஒம்போது பேரு உக்காரலாம், பத்தாவது ஆளு தட்டைக் கைலதான் வச்சுக்கணும். துணி போட்டு அவிக்கிற இட்லி, அக்கா தட்டை எடுத்து தண்ணி தெளிச்சு துணியோட கவுத்து உரிக்கிறப்ப ஆவி நம்ம மூஞ்சிக்கு அடிக்கும், அந்த வாசத்துலயே பாதி பசி போயிரும். தேங்கா சட்னி, தக்காளி சட்னி, அப்புறம் சின்ன வெங்காயமும் வரமிளகாவும் வதக்கி அரைச்ச கார சட்னி, அதுக்கு மேல கேக்காமலே ஒரு சுத்து நல்லெண்ணெய். எனக்கு மட்டும் கார சட்னி கிடையாது. ஒரு நாள் வயித்தைப் புடிச்சிட்டு உக்காந்துருந்ததைப் பாத்துருச்சு, அன்னைலருந்து "தம்பி, உனக்கு வெள்ளைச் சட்னிதான், வயிறு ஆறட்டும்"னு சொல்லிருச்சு. நான் விக்கிறதே அல்சர் மாத்திரை, எனக்கு வைத்தியம் பாக்குறது இட்லி கடை அக்கா.

போன வருசம் உங்கள்ல ஒருத்தர் வந்தாரு. பேரு சொல்லப் போறதில்ல, அவர் மேல எனக்குக் கோவமும் இல்ல. சாயங்காலம் ஆறரை மணி, முதல் ஈடு இறங்குற நேரம், லைட்டு மைக்கு எல்லாம் செட் பண்ணி, "மக்களே"ன்னு ஆரம்பிச்சு, ஒரு இட்லியப் பிச்சு கேமராவுக்கு முன்னாடி ரெண்டு தடவை அமுக்கிக் காட்டி, வாய்ல போட்டு, கண்ணை மூடி, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டி, வேற லெவல்னு சொல்லிட்டுப் போனாரு. அம்புட்டும் உண்மைதான், அந்த இட்லி அன்னைக்கு வேற லெவல்தான், நானும் அன்னைக்குத் தின்னேன்.

மூணு நாள் கழிச்சு சந்துக்குள்ள காரு. நம்ம ஊரு அண்ணா நகர் கே.கே. நகர்லருந்தெல்லாம் குடும்பத்தோட வர்றாய்ங்க. எதிர் வீட்டுக்காரர் பைக்கை எடுக்க முடியலன்னு சத்தம் போடுறாரு, பெஞ்சுல உக்காந்துருக்கவங்க தலைக்கு மேல போன் நிக்குது. இங்க ஒண்ணை யோசிங்க, அந்தக் கடை மாவு முந்தின நாள் ராத்திரி அரைச்சு வைக்கிற மாவு, அது பொங்கிப் புளிச்சு வந்தாத்தான் அந்த இட்லி. ஒரு நாளைக்குப் பத்து கிலோ அரிசிக்குப் பழகுன கை. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வர வேண்டிய மாவு எட்டு மணிக்குக் காலி. சரின்னு அக்கா மறுநாள் காலைலயும் அரைச்சுச்சு, அந்த மாவு சாயங்காலத்துக்குள்ள சரியா பொங்கல, இட்லி கல்லு மாதிரி வந்துச்சு. அப்புறம் வெளில மாவு வாங்கிக் கலந்துச்சு, இப்ப புளிப்பு தூக்கிருச்சு. சட்னில தேங்கா கொறைஞ்சு பொட்டுக்கடலை ஏறிச்சு. ரெண்டு பசங்களை வேலைக்கு வச்சுச்சு, அவய்ங்களுக்குத் துணியை உரிக்கத் தெரியல, இட்லி பாதி துணியோட போயிருச்சு. உங்க வீடியோவுக்குக் கீழயே கமெண்ட் வர ஆரம்பிச்சுது, "ஓவர் ஹைப்", "சொன்ன அளவுக்கு ஒண்ணும் இல்ல", "பெய்ட் ப்ரமோஷன்". அந்த அக்கா உங்களுக்கு அஞ்சு பைசா குடுத்துருக்காதுங்கறது எனக்குத் தெரியும், நாலு இட்லிக்குக் காசு வாங்காததைத் தவிர.

இந்தக் கூட்டம் நிக்கும்னு நம்பி மகளிர் குழுவுல லோன் போட்டு ஒரு பெரிய டில்டிங் கிரைண்டர் எறக்குச்சு. ரெண்டரை மாசம். அதுக்குள்ள நீங்க வேற ஏதோ ஊருக்குக் கறி தோசை திங்கப் போய்ட்டீங்க, காரும் உங்க பின்னாடியே போயிருச்சு. பழைய ஆளுங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, லேத்துப் பட்டறைப் பசங்க, எல்லாம் எடம் கெடைக்காம வேற கடைக்குப் பழகிட்டாங்க. இப்ப மறுபடியும் பத்து கிலோதான். கிரைண்டர் முக்கால்வாசி காலியா சுத்துது, வாராவாரம் தவணை மட்டும் நிறைவா போகுது. அக்காகிட்ட ஒரு நாள் இதைப் பத்திப் பேச்சு எடுத்தேன், திட்டும்னு பாத்தா, "அந்தத் தம்பி நல்லாத்தானப்பா சொன்னுச்சு, எனக்குத்தான் கை பத்தல"ன்னுச்சு. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்கல்ல, நீங்க எல்லாரும் அதை நம்பித்தான் ஓடுறீங்க. சரியான சொல்லுதான், ஆனா அது அந்தப் பானைக்கு. நாளைக்கு வைக்கிற பானைக்கோ, அதே பானை ராத்திரி பத்தரைக்கு எப்படி இருக்கும்ங்கறதுக்கோ அந்த ஒரு சோறு பொறுப்பில்ல. ஓட்டலை மதிப்பு போடுறதுன்னா என்னைக்கும் எப்படி இருக்குன்னு சொல்றது, ஒரு நாள் எப்படி இருந்துச்சுன்னு இல்ல. ஃபிரான்ஸ்ல மிஷலின்னு டயர் கம்பெனி இருக்கு, ஓட்டலுக்கு ஸ்டார் குடுக்குறவங்க, அவங்க ஆளு யாருன்னு கடைக்காரனுக்கே தெரியாது, தின்னதுக்குக் காசைக் கட்டிட்டுத்தான் வெளிய வருவாங்க, ஒரு தடவையோட முடிவு பண்றதும் இல்ல. டயர் விக்கிறவனுக்கே இம்புட்டு பொறுமை இருக்கு. நம்ம ஆளுங்க கடைக்காரருக்கு முந்தின நாளே போன் அடிச்சு "அண்ணே நாளைக்கு வர்றோம்"னு சொல்லிட்டுத்தான் போறோம், அவரு அன்னைக்குப் புது எண்ணெய் ஊத்தாம வேற என்ன பண்ணுவாரு?

பரோட்டா கடையையே எடுத்துக்கங்க. ஏழு மணிக்குப் போனா எந்தக் கடை சால்னாவும் நல்லாத்தான் இருக்கும், கசகசா தேங்கா அரைச்சது அப்பத்தான் கொதிச்சிருக்கும், மேல எண்ணெய் மெதக்கும். பத்தரைக்குப் போங்க. நல்ல கடைல சால்னா சுண்டிக் கெட்டியா இருக்கும், அடில கிடக்குற எலும்பெல்லாம் உங்க தட்டுக்கு வரும், அது தனி ருசி, இல்லன்னா "சால்னா முடிஞ்சுதுண்ணே, வெங்காயம் போட்டு ஆம்லெட் தரவா"ன்னு நேராச் சொல்லுவாங்க. மோசமான கடைல சால்னா முடியவே முடியாது. அட்சய பாத்திரம். மாஸ்டர் திரும்பி நின்னு வெந்நிய ஊத்தி, மொளகாப் பொடி ஒரு கரண்டி, உப்பு ஒரு கை போட்டுக் கலக்குறதை நான் கண்ணால பாத்துருக்கேன். அந்தக் கடைக்கும் உங்க வீடியோ இருக்கு, பதினெட்டு லட்சம் வியூஸ்.

எனக்குன்னு சில வழக்கம் இருக்கு. புதுக் கடைக்குப் போனா மொதல்ல கை கழுவுற எடத்துக்குப் போவேன், அங்கருந்து அடுப்படி எப்படியும் ஓரக்கண்ணுல தெரியும். அப்புறம் மேசை தொடைக்கிற துணி. அந்தத் துணி நாறுச்சுன்னா ஒரு டீயோட எழுந்துருவேன், ஏன்னா ஒரு நாளைக்கு நூறு தடவை கைல எடுக்குற சாமானையே கழுவாதவன் கண்ணுல படாத பாத்திரத்தைக் கழுவுவான்னு நான் எப்படி நம்புறது. அதுக்கப்புறம் இருக்கறதுலயே சாதாரணமான ஐட்டத்தைச் சொல்லுவேன். மெஸ்சுன்னா ரசம். கறிக்குழம்புல மசாலாவைப் போட்டு எதையும் மறைச்சிரலாம், ரசத்துல ஒண்ணையும் மறைக்க முடியாது. நேத்து ரசத்தை சூடு பண்ணிருந்தா நாக்குக்குத் தெரிஞ்சிரும். நீங்க என்னடான்னா போனதும் ஆறு பிளேட், சுக்கா, ஈரல், குடல், நண்டு, காடை, மூளைன்னு அடுக்கி வச்சு எல்லாத்துலயும் ஒரு விரல் நக்கிட்டு எழுந்து போறீங்க, வெறும் சோத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. சோறு கொழைஞ்சிருந்துச்சா, விரை விரையா இருந்துச்சா, சூடா வந்துச்சா, ரெண்டாவது தடவை கேட்டா முகம் சுளிச்சாங்களா, தினம் போறவனுக்கு அதுதான வேணும்?

இப்ப கொஞ்சம் கசப்பான விசயம். ஓசி சாப்பாடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்ச ஊருங்க இது, தின்னுட்டு எப்படிக் குறை சொல்றதுன்னு உங்களுக்கும் சங்கடம் இருக்கும், புரியுது. எனக்கும் தெரியும், டாக்டருக்குப் பேனா, காலண்டர், பாக்ஸ்னு எதுக்குக் குடுக்குறாங்கன்னு என்னை விட யாருக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், வாங்குனா வாங்குனேன்னு வீடியோவுலயே சொல்லிருங்க. இது என் உபதேசம் இல்ல, காசோ ஓசியோ எது வாங்கிட்டுப் பேசுனாலும் பாக்குறவங்களுக்குப் புரியுற மாதிரி தெளிவாச் சொல்லணும்னு 2023 ஜனவரிலயே மத்திய நுகர்வோர் துறை எழுதி வெளியிட்டுருச்சு. ஏமாத்துற விளம்பரம்னு ஆச்சுன்னா 2019 நுகர்வோர் சட்டப்படி அதுல பேசுறவங்களுக்கே 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், மறுபடி பண்ணா 50 லட்சம். கடைசில ஒரு செகண்டு பொடி எழுத்துல ஹேஷ்டேக் ஓட விடுறது சொன்னதுல சேராது. இன்னொண்ணு, பெரிய பிராண்டு பிரியாணி கடைல உப்பு கம்மின்னா "மைல்டா இருக்கு மக்களே"ங்கறீங்க, தள்ளுவண்டில உப்பு கம்மின்னா "காசு வேஸ்ட்"டுங்கறீங்க, இது என்ன கணக்குன்னு எனக்குப் பிடிபடல.

அதை விடுங்க, அடுப்படிய ஏன் காட்ட மாட்டேங்கறீங்க? மாஸ்டர் பரோட்டா வீசுறதைக் காட்டுறீங்க, பரோட்டா மாவு ஊறுற டப்பாவைக் காட்ட மாட்டீங்க. 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு, ஞாபகம் இருக்கா? அந்த வாரம் எல்லா ஊர்லயும் ரெய்டு நடந்துச்சு, உங்க சேனல்ல அந்த வாரமும் சீஸ் வழியுற ஷவர்மாதான் ஓடிச்சு. பச்சை முட்டைல அடிக்கிற மயோனைசை 2025 ஏப்ரல் 8-லருந்து ஒரு வருசத்துக்கு நம்ம அரசாங்கம் தடை பண்ணுச்சு, சால்மோனெல்லாக் கிருமி வருதுன்னு. அந்தத் தடை போட்ட புதுசுலயும் "கார்லிக் மயோ அள்ளித் தர்றாங்க மக்களே"ன்னு வீடியோ பாத்தேன். எந்த முட்டைல பண்ணதுன்னு ஒரு கேள்வி கேட்டுருக்கலாம். வாய்ல புகை விடுற நைட்ரஜன் பிஸ்கட்டை பசங்க திங்குற மாதிரி காட்டி வியூஸ் பாத்தது யாரு, 2024-ல ஒரு சின்னப் பையன் அதைத் தின்னுட்டுத் துடிச்ச வீடியோ வந்து உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டதுக்கு அப்புறம்தான நிறுத்துனீங்க? பஞ்சு மிட்டாய்ல துணிச் சாயத்துக்குப் போடுற ரோடமின் பி கலக்குறாங்கன்னு அதே வருசம் பிப்ரவரில தடை போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த ரோஸ் கலரை "நாஸ்டால்ஜியா"ன்னு வித்தது யாரு? மாத்திரை விக்கிறவன் பேசுறேனேன்னு பாக்காதீங்க, நீங்க வியூஸ் ஏத்துன மறுவாரம் அந்த ஏரியாவுல பேதியை நிறுத்துற மாத்திரையும் ஓஆர்எஸ்சும் எவ்வளவு நகருதுன்னு ஸ்டாக்கிஸ்ட்கிட்ட எப்பவாச்சும் கேட்டுப் பாப்போம்னு எனக்கே ஒரு ஆசை உண்டு.

கடைக்குள்ள போனா சுவத்துல உணவுப் பாதுகாப்பு லைசன்ஸ் நம்பர் மாட்டியிருக்கணும், 14 இலக்கம், சின்னக் கடைக்கும் பதிவு உண்டு. அதை ஒரு செகண்டு காட்டுறதுக்கு என்ன செலவு? வடையைப் பேப்பர்ல அமுக்கி எண்ணெய் எடுக்குறாங்க, அச்சு மை வயித்துக்குள்ள போகுது. 2019 ஜனவரி 1-லருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, இன்னைக்கும் கொதிக்கிற சாம்பாரை கவர்ல ஊத்தி ரப்பர் பேண்டு போட்டு வீசுறாங்க. அந்தக் கவர் சூட்டுல சுருங்குறதைக் குளோசப்புல எடுங்க, நீங்க எடுக்குற இட்லி குளோசப்பை விட அது ஊருக்கு உபயோகம். மோசமா இருந்தா கடைக்காரர் மூஞ்சியைப் போட்டு அசிங்கப்படுத்த வேண்டாம், உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்ஆப் நம்பரே இருக்கு, போட்டோவைத் தட்டி விடுங்க.

சர்வீஸ் பத்திப் பேசுறப்பதான் உங்க மேல எனக்கு நெஜமாவே ஆத்திரம் வரும். "சப்ளையர் சிரிக்கவே இல்ல, அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்". தம்பி, அந்த ஆளு காலைல பதினோரு மணிக்கு நிக்க ஆரம்பிச்சவரு, நீ போறப்ப ராத்திரி ஒம்போதரை, காலெல்லாம் நரம்பு சுருட்டிக் கெடக்கும், குனிஞ்சு பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும். காளவாசல் பக்கம் நான் போற ஒரு பரோட்டா கடைல ஒடிசாப் பையன் ஒருத்தன், வந்தப்ப தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. மொதல் மாசம் விரலைக் காட்டி ஆர்டர் சொல்லுவோம். இப்ப "அண்ணே, சால்னாவா குருமாவா, முட்டை கலக்கியா ஆஃப் பாயிலா"ன்னு மூச்சு விடாமக் கேக்குறான், நான் உக்காந்ததும் கேக்காமலே ரெண்டு பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னா ஊத்தி ஊற வச்சுடறான், எனக்குப் பல்லு வலின்னு அவனுக்குத் தெரியும். அவன் சொல்ற "பொரோட்டா"வைப் பிடிச்சு வச்சு நீங்க ஒரு ரீல்ஸ் போட்டுச் சிரிச்சீங்க. நல்ல சர்வீஸ்னா அவன்தான், உங்க கண்ணுக்கு அது காமெடியாத் தெரிஞ்சிருக்கு.

என்னைக் கேட்டா சர்வீஸைப் பாக்குறதுக்கு ஒரே நேரம்தான், ஏதாச்சும் தப்பு நடக்குறப்ப. ஒரு கடைல சாம்பார்ல ஈ கெடந்துச்சு. கல்லாக்காரர்கிட்ட தட்டோட போய்க் காட்டுனேன், அவரு எட்டிப் பாத்துட்டு "மழைக்காலம் சார், லைட்டுக்கு வர்றது"ன்னாரு. லைட்டுக்கு வந்தது ஏன் என் சாம்பாருக்கு வந்துச்சுன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல, பில்லுல வடையச் சேத்து வாங்குனாரு. இன்னொரு கடை, மேலூர்ப் பக்கம், சோத்துல கல்லு கடிச்சு நான் வாயைப் பொத்துனதை அந்தப் பெரியவரு தூரத்துலருந்தே பாத்துட்டாரு. எலையை எடுத்துட்டுப் புது எலை, புதுச் சோறு, ஒரு அப்பளம் கூட, காசு நீட்டுனா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. எனக்கு அந்தக் கல்லு கடிச்ச கடைக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் வியாழக்கிழமை மதியம் போகத் தோணுது. ஒரு தடவை, முப்பது நிமிசம், கேமரா முன்னாடி, இதுல இந்த மாதிரி எதுவும் உங்களுக்கு மாட்டவே மாட்டாது, ஏன்னா உங்க எலைல கல்லு இல்லாமப் பாத்துக்கறதுக்குத் தனியா ஒரு ஆளு நிப்பாரு.

நான் வீடியோவே போடாதீங்கன்னு சொல்லல. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையும் நம்ம ஊரு கறி தோசையையும் சென்னைப் பையனும் துபாய்ல இருக்கறவனும் தேடி வர்றான்னா அதுல உங்க பங்கு பெருசு, அதை நான் மறுக்கல. நான் கேக்குறது, சின்னக் கடைன்னா எடுக்குறதுக்கு முன்னாடி ஓனரைத் தனியாக் கூப்பிட்டு "அக்கா, நாளைக்கு இருநூறு பேரு வந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. முழிச்சாங்கன்னா கேமராவை மூடிட்டுத் தின்னுட்டுப் போங்க. எடுத்தே ஆகணும்னா ஒம்போது பேரு உக்காருற கடை, கூட்டம் வந்தா எட்டு மணிக்கே மாவு முடிஞ்சிரும், காரு போகாதுன்னு வீடியோவுலயே சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு கேமரா இல்லாம ஒரு தடவை திரும்பப் போங்க, அப்ப பாத்ததைச் சொல்லுங்க, வியூஸ் கம்மியாத்தான் வரும்.

அந்த அக்கா கடைக்கு உங்களைக் கூப்பிடலாம்னுதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை எனக்கு லோக்கல்தான், கடைசி டாக்டரை முடிச்சுட்டுப் பத்தேகாலுக்கு வந்துருவேன், பத்தரைக்குக் கடைசி ஈடு எறக்கும். லைட்டு மைக்கு எதுவும் வேணாம், பெஞ்சுல எடம் இல்லன்னா தட்டைக் கைல வச்சுக்கங்க. கார சட்னி நீங்க வாங்கி எனக்குக் கொஞ்சம் தள்ளி விடுங்க, அக்கா பாக்காதப்ப. காசு அவங்கவங்க தட்டுக்கு அவங்கவங்க.

இப்படிக்கு,
மதுரைலருந்து ஒரு ரெப்